இறால் இல்லாத வருஷம்

முதல் அறிகுறி தெரிந்தபோது பழியை ஏரியின் மேல் போட்டேன்.

எங்கள் தொழில் கையால் இறால் பிடிப்பது. பழவேற்காடு ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் மண்டியிட்டு, பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு சேற்றைத் துழாவுவோம். அங்கே கண்ணுக்கு வேலை இல்லை. விரலில் இறால் துள்ளும், உடனே அமுக்க வேண்டும். அந்த வருஷம் என் பறி பாதிகூட நிறையவில்லை. முகத்துவாரம் அடைத்துக்கொண்டது, கடல் தண்ணீர் உள்ளே வரவில்லை, இறால் எங்கிருந்து வரும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். பக்கத்தில் துழாவிய பெண்களின் பறி நிறைந்தபோது எரிச்சல்தான் வந்தது. என் விரல்களைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை.

சங்கதி வெளிப்பட்டது அடுப்படியில். என் மகன் சதீஷ் காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிறவன். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் வீட்டில் இருந்தான். குழம்புச் சட்டியை எப்போதும்போல வெறுங்கையால் இறக்கி வைத்தேன். கைத்துணி தேடுகிறவளை நாங்கள் கேலி செய்வோம். நிமிர்ந்தபோது சதீஷ் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளங்கைத் தோல் சட்டியோடு போயிருந்தது. எனக்கு வலிக்கவில்லை.

பொன்னேரியில் பார்த்த டாக்டரம்மா அதை நியூரோபதி (நரம்பு தளர்ந்து தொடு உணர்ச்சி குறைவது) என்றார். எனக்குத் தெரியாமலே சர்க்கரை ஏறியிருந்தது. பி12 (நரம்புக்கு வேண்டிய வைட்டமின்) வேறு குறைந்திருந்தது. மாத்திரையும் ஊசியும் எழுதினார். உணர்ச்சி கொஞ்சம் திரும்பலாம், எவ்வளவு என்று இப்போது சொல்ல முடியாது, அதுவரை அடுப்பருகே தனியாக விடவேண்டாம் என்றார். இதையெல்லாம் சதீஷைப் பார்த்துத்தான் சொன்னார். கை என்னுடையது, பேச்சு அவனோடு. எனக்குக் கோபமாக வந்தது.

தடைக்காலம் முடிந்தும் அவன் படகுக்குப் போகவில்லை. பக்கத்தில் கிடைத்த வலை வேலைக்குப் போய்விட்டு, வந்து சமைத்தான். அவனுக்குச் சமைக்கத் தெரியும் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. படகில் கற்றிருக்கிறான். ஒரே சட்டி, பத்துப் பேருக்கான மிளகாய். வெங்காயத்தைத் துண்டு போடுவான், அரிய மாட்டான். உப்பு டப்பாவை இடம் மாற்றினான். நான் வாசற்படியில் நின்று குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் அடுப்படியிலேயே விருந்தாளி மாதிரி நிற்பது அவமானமாக இருந்தது. என்னால்தான் அவன் கடலுக்குப் போகாமல் கிடக்கிறான் என்பது அதைவிட உறுத்தியது.

ஒருநாள் அவன் வருவதற்குள் சோறு வைத்துவிடலாம் என்று அடுப்பைப் பற்றவைத்தேன். பாதியில் வந்துவிட்டான். திட்டவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"உன் கை சுட்டா உனக்குத் தெரிய மாட்டேங்குது, எனக்குத்தான் தெரியுது. அதாம்மா பயமா கீது."

அன்றோடு சண்டை ஓய்ந்தது. சூடாக இருப்பதெல்லாம் அவனுக்கு, பச்சையாக இருப்பதெல்லாம் எனக்கு என்று பிரித்துக்கொண்டோம். இறால் உரிப்பது என் பங்கு. முன்பு ஊர்க்கதை பேசிக்கொண்டே உரிப்பேன். இப்போது ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து உரிக்க வேண்டும், ஒரு குழம்புக்குக் காலைப்பொழுது போய்விடும். உங்களுக்கும் கை மரத்திருந்தால் இதைச் சொல்வேன்: கையையும் காலையும் தினமும் கண்ணால் பாருங்கள். புண் இருந்தால் கண்தான் சொல்ல வேண்டும்.

டாக்டரம்மா சொல்லிக்கொடுத்த சோதனை ஒன்று உண்டு. நான் கண்ணை மூடிக்கொள்ள, சதீஷ் துடைப்ப ஈர்க்கால் ஒரு விரலைத் தொட்டு எந்த விரல் என்று கேட்பான். நான் குத்துமதிப்பாக ஏதாவது சொல்வேன். ஒருமுறை தொடாமலே கேட்டான். கட்டை விரல் என்றேன். சிரித்துவிட்டான், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மழைக்காலம் முடிந்து ஒரு காலை, உரித்துக்கொண்டிருந்தபோது இறாலின் கொம்பு வலது ஆள்காட்டி விரலில் குத்தியது. வலித்தது. நான் பார்ப்பதற்கு முன்பே வலித்தது.

"குத்திச்சுடா," என்றேன்.

அவன் அடுப்பைத் தணித்துவிட்டு ஈர்க்கு எடுத்து வந்தான். "கண்ண மூடு."

ஆள்காட்டி விரலைச் சரியாகச் சொன்னேன். நடுவிரலையும் சொன்னேன். மற்ற விரல்களை அவன் தொட்டானா என்றே தெரியவில்லை. அடுத்த முறை பொன்னேரிக்குப் போனபோது, இவ்வளவுதான் திரும்பும்போல என்றார் டாக்டரம்மா.

இப்போது சதீஷ் மறுபடி காசிமேட்டுக்குப் போகிறான். கிளம்புவதற்கு முன் அடுப்புக்குப் பக்கத்தில் ஆணி அடித்து ஒரு கைத்துணி மாட்டினான். அதை எடுக்காமல் நான் சட்டியைத் தொடுவதில்லை. சட்டி அடுப்பில் இருந்தால் அது சூடு, அவ்வளவுதான். திரும்பி வந்தால் அவன் அடுப்படியில் நிற்பான், நான் உரிப்பேன். மிளகாய்க்கு மட்டும் சண்டை போடுவோம்.

போன வாரம், டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு, கை கால் இரண்டையும் நன்றாகப் பார்த்துவிட்டு ஏரியில் இறங்கினேன். இரண்டு விரல்களால் மெதுவாகத் துழாவினேன். மற்ற பெண்கள் கரையேறி வெகுநேரம் கழித்துத்தான் ஏறினேன். பறி பாதிதான் நிறைந்திருந்தது. ஏரியில் இறால் இல்லை என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.