ஈரச் சாக்கும் வெள்ளை மண்ணும்

பிளாஸ்டர் அச்சுக்குள் கரைத்த மண்ணை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வியாழக்கிழமை, மூட்டை இறக்க அப்பாவோடு போன செராமிக் யூனிட்டில் சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் அச்சு தண்ணீரைக் குடித்துவிட, மண் மட்டும் உள்சுவரில் ஓடுபோல ஒட்டி நின்றது. செராமிக் டிப்ளமோவில் இதைப் படித்திருக்கிறேன், பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். ஆனால் அன்றுதான் மண்டையில் உறைத்தது: எங்கள் வண்டியின் ரேடியேட்டரும் இப்படித்தான் ஆகியிருக்கும்.

வெளியே ஓடினேன். அப்பா வழக்கம்போல முன்பக்கக் கிரில்லில் ஈரச் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தார். எங்களுடையது பழைய டீசல் மினி லாரி. ஏற்றுவது வெள்ளை மண் தூள் மூட்டை. வேப்பூருக்குப் போனால் பாதி வழியில் கொதித்து நின்றுவிடும். அதற்கு ஈரச் சாக்கு என்பது இங்கே எல்லா டிரைவர்களுக்கும் தெரிந்த வைத்தியம். வேறு ஊரில் பலிக்கலாம். எங்கள் ஊரில் ஃபேன் இழுக்கிற காற்றிலேயே மண் தூள் இருக்கிறது. சாக்கு சொட்டுகிற தண்ணீரில் அது குழைந்து, ரேடியேட்டர் தகடுகளுக்கு நடுவே புகுந்து, சூட்டில் காய்ந்து இறுகுகிறது. அப்புறம் காற்று எந்த வழியாகப் போகும்?

"சாக்க அவுருங்கப்பா. அதனாலதான் கொதிக்குது."

"இருவது வருசமா கட்டுறேன். வண்டி ஓடலயா?"

"ஓடுது. பாதி வழி ஓடுது."

அவர் சாக்கின் முடிச்சை இன்னும் இறுக்கினார். எஞ்சினையே இறக்கிப் பிரிக்க வேண்டும், இல்லையென்றால் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள் என்று எங்கள் வீட்டுக்கு எதிர்க்கடை மெக்கானிக் சொல்லியிருந்தார். இரும்புக்கடைக்காரரைத் திங்கட்கிழமை வரச் சொல்லியாகிவிட்டது. வண்டி போனபின் அப்பா என்ன செய்வார் என்பதை வீட்டில் யாரும் வாய்திறந்து பேசவில்லை. நான் பேசினேன். பேசியதற்குக் கிடைத்தது, திங்கட்கிழமை வரைக்கும் வண்டிச் சாவி.

வெள்ளிக்கிழமை காலை, எஞ்சின் முழுக்க ஆறியிருந்தபோது கிரில்லைக் கழற்றினேன். பழைய டூத் பிரஷ்ஷால் காய்ந்த மண்ணை மெதுவாக உதிர்த்தேன். அந்த எதிர்க்கடை மெக்கானிக் கைகொட்டிச் சிரிக்காத குறை.

"என்ன பாப்பா, வண்டிக்குப் பல்லு வெளக்குறியா?"

"ஆமாண்ணே. நீங்க பல்லையே புடுங்கணும்னீங்க. அதுக்கு முன்னாடி ஒரு தடவ வெளக்கிப் பாத்துடுறேன்."

பிறகு ஃபேன் பக்கமிருந்து வெளிப்பக்கமாக ஹோஸைப் பிடித்தேன். வேகமாக அடித்தால் தகடு வளைந்துவிடும். மண் பால்போலக் கரைந்து வழிந்தது, நிற்கவே இல்லை. மெக்கானிக் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். "நான் எஞ்சினுக்கு உள்ளதான் பாத்தேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ரேடியேட்டருக்குள் இருந்த துரு கலந்த போர்வெல் தண்ணீரையும் இறக்கிவிட்டு, கூலன்ட் கலந்து ஊற்றினேன்.

இன்று அரை லோடு ஏற்றி வேப்பூர் போனோம். வண்டி வழக்கமாகக் கொதிக்கும் இடத்தில் ஒரு பெட்டிக்கடை. அப்பாவின் கால் தானாகவே பிரேக்கை அமுக்கியது. கடைக்கார அக்கா கேட்காமலே வாளித் தண்ணீரோடு வந்தார்.

"என்னங்கண்ணே, இன்னைக்கு பொகையே வரல?"

சூடு காட்டும் மீட்டரில் முள் பாதியைத் தாண்டவில்லை. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இறங்கி அந்தத் தண்ணீரில் முகம் கழுவினார்.

திரும்பி வந்ததும் வர வேண்டாம் என்று இரும்புக்கடைக்காரருக்குப் போன் போடச் சொன்னேன். போடவில்லை.

"அர லோடு தாங்குது. முழு லோடு, உச்சி வெயிலு, அதையும் தாங்கட்டும். அப்புறம் பேசலாம்."

சரி, தாங்கட்டும். ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறது, இதோ மாற்றப் போகிறேன். நாளைப் பகல் பன்னிரண்டு மணிக்கு முழு லோடு, அதே வேப்பூர் ரோடு. அப்போதும் முள் ஏறினால், திங்கட்கிழமை அந்த ஆள் வந்து நிற்பதற்குள் வாட்டர் பம்பைக் கழற்றிப் பார்த்துவிடுவேன்.