கோஸ்டிங்

தை மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் மகளுக்கு நிச்சயம் செய்து தட்டு மாற்றினோம். பங்குனியில் மாப்பிள்ளைப் பையன் போன் எடுப்பதை நிறுத்தினான். அவன் வீட்டாரும் எடுக்கவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் சம்பந்தம் முறிந்தால் பெரியவர்கள் இரண்டு பேர் நேரில் வந்து, ஏச்சையும் வாங்கிக்கொண்டு, தட்டைத் திருப்பி வைத்துவிட்டுப் போவார்கள். அதற்குப் பிறகுதான் பெண்ணுக்கு வேறு இடம் பார்க்க முடியும். அவர்கள் ஊரிலிருந்து ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு பஸ்ஸில் செத்த நேரம்தான். ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை. நிச்சயப் புடவை இன்னும் பீரோவில் கிடக்கிறது.

"இதுக்குப் பேரு கோஸ்டிங்மா," என்றாள் மகள், சுவரைப் பார்த்துக்கொண்டு. "சொல்லாம கொள்ளாம காணாமப் போறது. இங்கிலீஷ்ல இப்ப எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாக."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அயோக்கியத்தனத்துக்கு ஸ்டைலாக ஒரு பெயர்! ஆனால் 'வேண்டாம்னுட்டாக' என்று நான் தமிழில் சொன்னால், பொண்ணுக்கு என்ன குறை என்றுதான் தெரு கேட்கும். இந்தச் சொல்லிலோ குற்றம் அவன் பக்கம் மட்டுமே நின்றது. அதனால் விசாரித்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னேன். புரியாதவர்களுக்கு விளக்கியும் சொன்னேன்.

நேற்று குழாயடியில் எதிர்வீட்டுக்காரி குடத்தை இறக்கி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். சொல் அவள் வாயில் சுத்தமாக வந்தது.

"ஏங்க்கா, கோஸ்டிங் பண்ணுத அளவுக்கு உங்க பிள்ளை அப்படி என்ன பண்ணுனா?"