இரண்டாகக் கிழித்த விடைத்தாள்

மே மாத விடுமுறையில், ஒன்பதாம் வகுப்பு வரலாற்றில் தோற்றவர்களுக்கு மறுபடி பாடம் நடத்தும் வேலை என் தலையில் விழுந்தது. தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள் வாழும் மாட்டுங்கா லேபர் கேம்ப் அருகே ஓர் இந்தி மீடியம் பள்ளி. வந்த பன்னிரண்டு பேரும் தமிழ்ப் பிள்ளைகள். நானும் தமிழன்தான். ஆனால் வகுப்பில் தமிழில் பேச மாட்டேன். பேசினால் உரிமையோடு ஒட்டிக்கொள்வார்கள் என்ற எண்ணம்.

உப்புச் சத்தியாக்கிரகம் ஏன் நடந்தது என்று எழுதச் சொன்னேன். செல்வியின் தாளை வாங்கினேன். எழுத்து இந்தி. ஆனால் முதல் வரியில் ஓர் இந்திச் சொல்கூட இல்லை. கிறுக்கி ஏய்க்கிறாள் என்று எல்லார் முன்னாலும் அதை இரண்டாகக் கிழித்தேன்.

அவள் அழவில்லை. துண்டுகளை ஒட்டிப் பிடித்து, என்னை முறைத்தபடி வாசித்தாள்.

"உப்பு நம்ம கடல்ல கெடக்கு. அதுக்கு வெள்ளக்காரனுக்கு எதுக்கு வரி குடுக்கணும்?"

தமிழ் எழுதத் தெரியாதவள், தமிழை இந்தி எழுத்தில் எழுதியிருக்கிறாள்.

"முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றேன், முதல்முறையாகத் தமிழில்.

"இந்தில சொல்ல வரல. நீங்க வராண்டால போன்ல தமிழ்லதான பேசுதிய. படிச்சாப் புரியும்னு நெனச்சேன்."

துண்டுகளை என் மேசையில் வைத்துவிட்டு வெளியேறினாள். பிறகு வரவேயில்லை. சரியாக எழுதியிருந்தது அவள் ஒருத்திதான்.

மறுநாள் பாடத்தைத் தமிழில் தொடங்கினேன். கடைசி நாள் வரை மற்ற பதினொரு பேரும் எனக்கு இந்தியிலேயே பதில் சொன்னார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை.