சுடுதண்ணீர்க் கம்பி

என் மகள் நஸீரா கண்டிக்குப் படிக்கப் போனபோது, விடுதிக் குளிருக்காகக் கல்முனைக் கடையொன்றில் தண்ணீர் கொதிக்கவைக்கும் மின்கேத்தல் பார்த்தேன். விடுதியில் அதற்குத் தடை. வாளிக்குள் போட்டுத் தண்ணீர் சுடவைக்கும் மின்கம்பியென்றால் பெட்டிக்குள் ஒளிக்கலாம் என்று அதையே வாங்கிக் கொடுத்தேன்.

மூன்றாம் மாதம், அவளுடைய அறைத்தோழியான பொத்துவில் ஊர்ப் பிள்ளை, அந்தக் கம்பி போட்டிருந்த வாளிக்குள் சூடு பார்க்கக் கைவைத்தாள். கரண்ட் அடித்து அங்கேயே மௌத்தானாள்.

உடல் கிடத்தியிருந்த மையத்து வீட்டில் அவளின் உம்மா என்னிடம், "கடைக்காரன் ஒண்டும் சொல்லல்லியா?" என்று கேட்டார்.

"சொன்னார் ராத்தா. சுவிட்ச ஓஃப் பண்ணிட்டுத்தான் தண்ணியத் தொடணும் எண்டார். நான்தான் மகளுக்குச் சொல்லல்ல."

இப்போது விடுதிக்குப் போகும் பிள்ளைகளின் வீடுதேடிப் போய் அதைச் சொல்கிறேன். நஸீரா என்னோடு கதைப்பதில்லை.