மச்சானின் தோள் குணமான கதை

“…நான் ஃபர்ஸ்ட் ஷிப்ட் போய்ட்டா இன்னா சார், வூட்ல என் மச்சான் சும்மாதான கீறான்? அவன் பண்ணிடுவான். ஒரு நாள்கூட கவுண்ட் குறையல. கார்டைப் பாருங்க.”

சொன்னவர் தேவராஜ். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில், தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் ஆப்பரேட்டர். வருஷம் 1991. நான் அப்போது படப்பையில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் பிசியோதெரபி பார்த்துக்கொண்டிருந்தேன். படித்து வந்தவன் இல்லை; ஒரு டாக்டருக்குப் பக்கத்தில் நின்று கையால் கற்றவன். வலிக்கு மின்சாரம் வைக்கும் மெஷின் இருந்ததால் எங்கள் அறைக்கு ஜனங்கள் வைத்த பெயர் ‘கரண்ட் ரூம்’. “எக்சர்சைஸ்லாம் போலீசுக்குப் போறவனுக்கு. எனக்கு நல்லா கரண்ட் வை” என்பார்கள்.

தேவராஜ் சைக்கிளிலிருந்து விழுந்து, வலது தோளுக்கு மூன்று வாரம் கட்டுப் போட்டிருந்தார்கள். கட்டைப் பிரித்தால் கை மார்புக்கு மேல் ஏறவில்லை. பிரஸ்ஸில் இரண்டு பட்டன், நெற்றி உயரத்தில். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மெஷின் இறங்கும். கம்பெனி டாக்டர் மறுபடி பார்ப்பார். கை ஏறாவிட்டால் மெஷின் லைனுக்குத் திரும்ப முடியாது, சாமான் எடுத்துக் கொடுக்கும் ஸ்டோரிலேயே போட்டுவிடுவார்கள். தற்காலிகமாக அங்கேதான் இருந்தார். “துரு புடிச்ச போல்ட்டோட போல்ட்டா உக்காந்துகினு கீறேன் சார்” என்பார்.

நான் கொடுத்த பயிற்சி ஒன்றுதான். சுவரைப் பார்த்து நின்று, விரல்களைப் படியேறுவதுபோல மேலே நடத்த வேண்டும். வேளைக்கு இருபது தடவை. கார்டில் டிக் போட வேண்டும். ஒரு வாரம் கழித்து வந்தார். கார்டு நிறைய டிக். கை அதே மார்பு உயரத்தில். கேட்டபோது வந்த பதில்தான் மேலே நீங்கள் படித்தது.

“யோவ், தோள் உன்னுதா, மச்சானுதா?”

“லைன்ல ஒருத்தன் வரலன்னா ரிலீவர் போடறாங்கல்ல சார். அவுட்புட் வந்தா போதும், ஆளையா பாக்கறாங்க?”

மச்சான் சகாயம் பின்னாலேயே நின்றிருந்தார். மனைவியின் தம்பி. “எனக்கு ரொம்ப நாளா தோள்ல ஒரு புடிப்பு இருந்திச்சு சார்” என்று இரண்டு கையையும் கூரை நோக்கி நீட்டினார். “இப்போ சுத்தமா இல்ல.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷம் கோபம். அதற்கும் அடுத்துதான் ஒரு சந்தேகம்.

“செகண்ட் ஷிப்டுன்னா காலையில வூட்லதான இருப்ப? அப்ப யார் பண்ணது?”

தேவராஜ் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அதுவும் அவன்தான். மொத நாள் நான் பண்ணேன் சார். உள்ள துணி கிழியறாப்பல ஒரு வலி. கட்டு போட்டதெல்லாம் பிச்சுக்குச்சோன்னு பயந்துட்டேன்.”

“அதை ஏன் சொல்லல?”

“நீங்க வலிக்கும்னு சொல்லவே இல்லியே. இருபதுன்னுதான சொன்னீங்க.”

அவர் சொன்னது சரி. எண்ணிக்கை கேட்டேன், எண்ணிக்கை வந்தது. கார்டை வாங்கி மேஜைக்குள் போட்டேன். வலிக்கும், அரை மணி நேரத்தில் விட்டுவிடும், விடாவிட்டால் நிறுத்திவிட்டு என்னிடம் வர வேண்டும், எதுவும் கிழியாது என்று தோளைப் பிடித்துக்கொண்டே சொன்னேன். சுவரில் நெற்றி உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். வீட்டிலும் ஒன்று போடச் சொன்னேன். அன்றிலிருந்து யாருக்குப் பயிற்சி சொன்னாலும் வலியை முதலில் சொல்லிவிடுவேன். எத்தனை தடவை என்பது கடைசியில்தான்.

பத்து நாள், ஷிப்டுக்கு முன்னும் பின்னும் வந்தார். கண்ணில் தண்ணீர் கட்டும், விரல் ஏறும். கம்பெனி டாக்டர் பார்க்கும் நாள் காலையில், நடுவிரல் கோட்டைத் தொட்டது. சகாயம் கை தட்டினார்.

“போதும் தேவராஜ், கையை இறக்கு.”

“வேணாம் சார். இறக்கிட்டா மறுபடி ஏறலன்னா?”

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. தூக்கிய கை தூக்கியபடியே வாசலைத் தாண்டி ரோட்டில் போய் நின்றார். அங்கே ஸ்டாப் கிடையாது. ஒரகடம் வழியாகப் போகும் வாலாஜாபாத் பஸ் ஒன்று பிரேக் போட்டு அவருக்காக நின்றது. இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறிவிட்டார்.