கைபிடிக் கம்பி இல்லாத கோட்டை

ஆரபி, மிதுலா — இந்த வாரம் உங்கள் இருவருக்கும்தான் எழுதுகிறேன். வழக்கமாக இந்தச் சிறுவர் பக்கத்துக்கு வருகிற மற்றப் பிள்ளைகளும் பக்கத்தில் வந்து இருக்கலாம். அவர்களுக்கும் விளங்க வேண்டுமே என்று உங்களைப் பெயர் சொல்லி, யாரோ பிள்ளைகளைப் போல எழுதுகிறேன். கோபிக்கக் கூடாது.

முக்கால்வாசி உங்களுக்குத் தெரிந்த கதைதான். கடைசியில் நடந்தது மட்டும் தெரியாது. அப்போது வீட்டில் நான் தனியே இருந்தேன்.

மூத்தவள் ஆரபிக்குப் பதினைந்து வயது. போன மாதம் ஒரு நாள் பள்ளிக்கூடத்தால் வந்ததும் வராததுமாய்ச் சாப்பாட்டு மேசையில் ஒரு கட்டுத் தாள்களை விரித்தாள். எல்லாம் படங்கள். இங்கிலாந்தின் பழைய மடங்கள், கோட்டைகள், பாலங்கள்... ஒரு காலத்தில் ஓவியர்கள் ஊர் ஊராகப் போய் வரைந்து, செப்புத் தகட்டில் செதுக்கி, அச்சடித்து விற்ற படங்களாம். அவற்றின் பிரதிகளைச் சரித்திர ஆசிரியர் கொடுத்திருக்கிறார்.

எதற்கு? வகுப்பே இங்கிலாந்துக்குப் போகப்போகிறது!

ஒவ்வொருவரும் ஒரு படத்தைத் தெரிவு செய்ய வேண்டும். அங்கே போனதும், அந்த ஓவியர் எந்த இடத்தில் இருந்து வரைந்தாரோ, அதே இடத்தில் இருந்து தாங்களும் வரைய வேண்டும்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது... படங்களைப் பார்க்கும் வரை.

முதலாவது படம் ஒரு துறவிகள் மடம். கூரை இல்லை. ஜன்னல்களுக்குள்ளால் முகில் தெரிகிறது. சுவரின் உச்சியில் மரம் முளைத்திருக்கிறது. பூசை நடந்த இடத்தில் மாடுகள் படுத்திருக்கின்றன.

ஒன்பது வயது மிதுலா எட்டிப் பார்த்தாள்.

"இதுக்கு ஆர் குண்டு போட்டது?"

"குண்டு இல்லையடி. அந்த நாட்டு ராசாவே உடைப்பிச்சவர்."

"தன்ர நாட்டிலயோ?"

"ஓம்."

நானும் பிள்ளைகளின் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அம்மா தேத்தண்ணி ஊற்ற எழுந்து போனார்.

ஆரபி தனக்கென்று எடுத்த படம் வேறு. கடலோரம் ஒரு செங்குத்துப் பாறை. உச்சியில் பாதி இடிந்த கோட்டை. பாறையைச் சுற்றி ஏறுகிற கல்படிகள். அவற்றிலும் இடைக்கிடை பல் விழுந்த மாதிரி இடைவெளி. கீழே எறும்பு அளவில் மனிதர்கள். படிகள் முடிகிற இடத்தில், பாறையின் விளிம்பில், காலைத் தொங்கப் போட்டபடி ஒரு மனிதர். மடியில் பலகை வைத்து வரைந்துகொண்டிருக்கிறார். ஓவியர் தன்னையே படத்துக்குள் கீறியிருக்கிறாராம். அந்த இடத்தில்தான் என் மகள் போய் இருக்க வேண்டுமாம்.

படியில் கைபிடிக் கம்பி இல்லை. விளிம்பிலும் இல்லை!

என் தொழில் தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கனடாவில் நாங்கள் இருக்கிற மொன்றியல் நகர வீடுகளின் முகப்பில் இரும்புப் படிகள் வெளியே வளைந்து இறங்குமே — அவற்றின் கம்பிகளைத் திருத்துவதும் பற்றவைப்பதும்தான் என் வேலை. மாரிக் குளிர்காலம் முழுக்க, பனி உருகுவதற்காகக் கொட்டுகிற உப்பு, கம்பியின் அடியைத் தின்றுவிடும். மேலே பெயின்ற் பளபளவென்று இருக்கும். அதனால் எங்கே போனாலும் கம்பியைப் பிடித்து ஒருமுறை ஆட்டிப் பார்க்காமல் நான் ஏறுவதில்லை. மெற்றோவிலும் ஆட்டுவேன். கோயிலிலும் ஆட்டுவேன். கலியாண மண்டபத்தில் ஆட்டி, மாப்பிள்ளை வீட்டாரிடம் பேச்சும் வாங்கியிருக்கிறேன்.

இந்த மாரியில் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனேன். மூன்றாம் மாடி பல்கனி. அதற்கு முதல் நாள் அந்த வீட்டுக்காரர் பனி தள்ளிக்கொண்டிருந்தவர், களைத்துப்போய்க் கம்பியில் சாய்ந்திருக்கிறார். கம்பி அவரோடு சேர்ந்து கீழே போய்விட்டது. கீழே பனி குவிந்து கிடந்ததால் உயிர் தப்பினார், இடுப்பெலும்பு முறிந்தது. நான் போய்ப் பார்த்தபோது பல்கனியின் ஓரத்தில் ஒன்றுமே இல்லை. வெறும் வானம். பனியோடு உறைந்துபோன ஒரு கையுறை மட்டும் கிடந்தது.

அந்த வெறும் இடம்... அது ஆரபியின் படத்திலும் இருந்தது.

"வேற படம் எடு பிள்ளை. அந்தப் பாலம் நல்ல வடிவாய் இருக்குது."

"எனக்கு இதுதான் வேணும்."

"அந்த மனுசன் இருக்கிற இருப்பைப் பார்! சறுக்கினால்?"

"சறுக்கியிருந்தால் இந்தப் படமே வந்திராதே அப்பா."

நான் படத்தைக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன்.

அடுப்படிக்குள் இருந்து அம்மாவின் குரல் வந்தது. "இஞ்சருங்கோ, அவர் செத்து எந்தக் காலம்! அவருக்கு இப்ப கம்பி போடப் போறியளோ?"

மூன்று பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பயணத்துக்குச் சம்மதம் கேட்டு வந்த தாளில் கையெழுத்தும் போடவில்லை.

ஆரபியா விடுகிறவள்? படத்தைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள். பால் எடுக்கப் போனால் பாறை. தயிர் எடுக்கப் போனால் பாறை. வேலையில் குனிந்து பற்றவைக்கும்போது கூட, முகமூடிக்குள் அந்த விளிம்பு தெரியும். அதில் எறும்பு அளவில் ஆரபி. சாப்பிட இருந்தால் ஏதாவது ஒரு விழுந்த கதை சொல்லாமல் என்னால் எழும்ப முடியவில்லை. கையுறைக் கதையை எத்தனை தரம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. மிதுலா ஒவ்வொரு தரமும் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அதை நான் கவனிக்கவில்லை.

கடைசியில் ஆசிரியரையே போய்ப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன். அவர் பேசுவது பிரெஞ்சு. என் பிரெஞ்சோ வேலைத்தளத்துப் பிரெஞ்சு. சுத்தியல், ஏணி, 'நாளைக்கு வாறன்' — அதற்கு மேல் போகாது. ஆரபிதான் மொழிபெயர்ப்பு.

"கேள் பிள்ளை. அந்தப் பாறை எவ்வளவு உயரம்? கம்பி இருக்குதோ?"

அவள் சின்னதாக என்னவோ கேட்டாள். அவர் சிரித்து, கையை மேலே உயர்த்தி, கீழே இறக்கி, நீண்ட நேரம் விளக்கம் சொன்னார்.

"ஒண்டும் இல்லையாம்," என்றாள் ஆரபி.

"அவ்வளவு கதைச்சதுக்கு ஒண்டும் இல்லையோ? முழுக்கச் சொல்லு."

பெருமூச்சு விட்டாள். "அந்தக் காலத்து ஓவியர்மார் கொஞ்சம் புளுகுவினமாம் அப்பா. பாறையை ரெண்டு மடங்கு உயரமாக் கீறுவினமாம். ஆக்களை நல்லாச் சின்னனாக் கீறுவினமாம். அப்பதானே பாக்கிறவைக்கு நெஞ்சு பதறும்? பதறினாத்தான் படத்தை வாங்குவினமாம்."

ஆசிரியர் தன் போனில் ஒரு போட்டோவைக் காட்டினார். அதே கோட்டை. பாறை எங்கே? புல் மூடிய ஒரு மேடு. ஒரு பெண் தள்ளுவண்டியில் குழந்தையைத் தள்ளிக்கொண்டு போகிறார். விளிம்பில் வேலி. நான் போனை வாங்கி, இரண்டு விரலால் வேலியைப் பெரிதாக்கினேன்.

"இது மரமோ இரும்போ எண்டு கேள்."

"அப்பா... ப்ளீஸ்!"

திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். குளிருக்கு நெருப்பு மூட்டி, வீட்டுக்குள் பத்திரமாக இருந்த சனம், காசு கொடுத்துப் பயத்தை வாங்கிச் சுவரில் கொழுவியிருக்கிறதே! எங்களைப் போன்றவர்களுக்கு இது விளங்குமா? நாங்கள் ஊர்ச் சண்டைக்குத் தப்பி, பயத்தைக் காசில்லாமலே பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த ஆட்கள்.

சரி, கையெழுத்துப் போட்டேனா? இல்லை. 'யோசிப்பம்' என்றேன். படம் புளுகு என்று மூளைக்கு விளங்கிவிட்டது. வயிற்றுக்கு விளங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு காலை. நாங்கள் இருப்பது மேல்மாடி. தெருவுக்கு இறங்க இரும்புச் சுருள்படி. நான் கீழே வான் வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால், மிதுலா படியின் நடுவில் நிற்கிறாள். இரண்டு கையாலும் கம்பியைக் கட்டிப் பிடித்திருக்கிறாள். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கண்கள் இறுக மூடியிருக்கின்றன.

"மிதுலா, வா பிள்ளை. பஸ் வரப்போகுது."

"விழுந்திடுவன் அப்பா."

பனி எல்லாம் போய்விட்டது. படி காய்ந்து கிடந்தது. நேற்று வரை இரண்டு இரண்டு படியாகப் பாய்ந்து இறங்கினவள்!

"இது அப்பா போட்ட கம்பியம்மா. ஆடாது."

"அந்தக் கையுறை மாமான்ர கம்பியும் ஆரோ ஒரு அப்பா போட்டதுதானே..."

பஸ் வந்தது. நின்றது. போய்விட்டது.

நான் ஏறிப் போய் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியிருந்தது. ஐஸ் மாதிரிக் குளிர்ந்துபோய் இருந்தன. என் உள்ளங்கைக்குள் வைத்துத் தேய்த்தேன்.

அந்த ஓவியர் செய்ததைத்தானே நானும் செய்திருக்கிறேன்? ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு மேசையில் பாறையை இரண்டு மடங்கு உயர்த்தி, என் பிள்ளைகளை எறும்பாக்கி... அவராவது விற்றார். நான் சோற்றோடு குழைத்து ஊட்டியிருக்கிறேன்.

இரண்டு பேரும் படியில் குந்தி, தவழ்கிற குழந்தைகள் மாதிரி ஒவ்வொரு படியாக அரக்கி அரக்கி இறங்கினோம். எதிர்வீட்டுக்காரர் காப்பிக் கோப்பையோடு பார்த்துக்கொண்டு நின்றார். 'போன்ஜூர்' என்று வணக்கம் சொன்னார். நாங்களும் இருந்தபடியே 'போன்ஜூர்' என்றோம்.

கடைசிப் படியில் மிதுலா கேட்டாள். "உங்களுக்கும் பயமோ?"

"ஓம்."

"அதாலதானோ அக்காவை விடேல்ல?"

"ஓம்."

அவள் பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டினாள். "எனக்குப் பயமெண்டாலும் நான் பள்ளிக்கூடம் போகத்தானே வேணும்? நீங்களும் அப்பிடித்தான்."

அன்று பின்னேரம் கையெழுத்துப் போட்டேன்.

போன சனிக்கிழமை விமான நிலையம். ஆரபியின் பைக்குள் பென்சில்கள், வரைதல் கொப்பி, அந்தக் கோட்டைப் படத்தின் இன்னொரு பிரதி. 'விளிம்புக்குக் கிட்டப் போகாதே' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினேன். "வடிவாய்க் கீறு, என்ன?" என்றேன். அம்மா என்னை ஒருமாதிரிப் பார்த்தார்.

அம்மாவும் மிதுலாவும் அங்கிருந்தே மாமி வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் தனியே வீட்டுக்கு வந்தேன். இனி வருவதுதான் உங்களுக்குத் தெரியாத பகுதி.

தண்ணீர் எடுக்கப் பிரிட்ஜுக்குப் போனேன். கதவில் பாறை. அதே உயரம். அதே மனிதர், காலைத் தொங்கப் போட்டபடி.

புளுகுப் படம் என்று தெரியும். அங்கே இப்போது வேலி இருக்கிறது என்றும் தெரியும். தெரிந்தும் என்ன? ஆரபியின் மேசையில் ஒரு பென்சில் கிடந்தது. எடுத்து வந்தேன். படத்தின் கீழ்ப்படியில் தொடங்கினேன். முதலில் நிலைக்கம்பிகள், பிறகு மேற்கம்பி, நடுவில் ஒன்று. இடிந்த படிகளையும் விடவில்லை. உச்சிக்கு வந்ததும், அந்த மனிதரின் முழங்காலுக்கு முன்னால் மட்டும் கம்பிகளைக் கொஞ்சம் நெருக்கமாகப் போட்டேன். ஒரு பிள்ளை பக்கத்தில் இருந்தாலும் தாங்க வேண்டுமே!

பிறகு அந்தக் கம்பியில் விரலை வைத்து, அழுத்தி, ஒருமுறை ஆட்டிப் பார்த்தேன்.

ஆடவில்லை.