கரடி வழிவிட்ட கதையின் முன்பாதி

தென்காசியில் ஒரு தனியார் மருத்துவமனையின் பிரசவ வார்டில் பதினாறு வருடமாக ஆயாவாக இருக்கிறாள் தங்கபுஷ்பம். வயது நாற்பத்தெட்டு. பிறந்தது சிவகிரிக்கு மேற்கே, மலையடிவாரத்துப் பளியர் பழங்குடிக் குடியிருப்பில். கணவர் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் வாட்ச்மேன்.

வலி எடுத்த பெண்கள் பயந்துபோய்க் கையைப் பிடித்துக்கொண்டால், இடுப்பை நீவிவிட்டபடியே ஒரு கதை சொல்லுவாள். அவள் வீட்டுக் கதை.

அவளுடைய முன்னோரில் வீராயி என்று ஒருத்தி. நிறைமாசத்தில் கிழங்கு தோண்டக் காட்டுக்குப் போனாள். மழை பிடித்து ஓடையில் வெள்ளம் வந்துவிட்டது. திரும்ப வழியில்லை, வலியும் கண்டுவிட்டது. தட்டுத்தடுமாறி ஒரு குகைக்குள் ஏறினால் உள்ளே கரடி. "எனக்கும் போக்கிடம் இல்ல தாயி, கொஞ்சம் தள்ளிக்கோ" என்றாளாம். கரடி எழுந்து போய் வாசலை அடைத்து, முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டதாம். மழையெல்லாம் அதன்மேல். பிள்ளை உள்ளே நனையாமல் பிறந்தது.

"மொதுக எதுக்குக் காட்டுச்சு?" என்று சிலர் வலிக்கு நடுவே கேட்பார்கள்.

"பொம்பளக் கரடில்லா. பாக்கக் கூடாதுன்னு அதுக்குத் தெரியாதா?" என்பாள். சிரித்துவிடுவார்கள்.

இந்தக் கதைக்கு முன்னால் இன்னொரு பாதி உண்டு. தனக்கு மகள் பிறந்த பிறகுதான் தங்கபுஷ்பத்துக்கே அவள் அம்மா அதைச் சொன்னாள். "மாசமா இருக்கவகிட்ட வாய் தவறியும் இதச் சொல்லிராத" என்று கையில் அடித்துச் சத்தியமும் வாங்கிக்கொண்டாள். தங்கபுஷ்பம் யாரிடமும் சொன்னதில்லை.

மூன்று வருடத்துக்கு முந்தைய ஆனி மாதச் சாரலில் மாஜிதா வந்து சேர்ந்தாள். இருபத்தாறு வயது, தலைப்பிரசவம். கணவன் மன்சூருக்குச் சவுதியில், தம்மாமில் வேலை. அண்ணன் யாக்கூப்தான் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். கரடிக் கதையை அவளுக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் தடவை சொல்லி முடிப்பதற்குள் டாக்டரின் முகம் மாறிவிட்டது.

பிள்ளை அழவில்லை.

மறுநாள் தங்கபுஷ்பம் கஞ்சி கொண்டுபோனபோது மாஜிதா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

"அக்கா, அந்தக் கத பொய்தானே?"

தங்கபுஷ்பம் தம்ளரை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள். அதற்கடுத்த நாள் அந்தப் படுக்கைப் பக்கம் போகாமல், வேறொரு ஆயாவை அனுப்பினாள். வீட்டில் சோற்றைத் தட்டோடு மூடி வைத்தாள். கணவர் கேட்டதற்கு, "நான் ஒரு பொண்ண ஏமாத்திட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் மாஜிதாவுக்கு டிஸ்சார்ஜ். யாக்கூப் மருந்து வாங்கக் கீழே போயிருந்தான். தங்கபுஷ்பம் உள்ளே வந்து கட்டில் ஓரமாக உட்கார்ந்தாள்.

"நீ கேட்டேல்லா. அதுக்கு முந்தி நடந்தத நான் ஒனக்குச் சொல்லல."

மாஜிதா சுவர்ப் பக்கமாகவே படுத்திருந்தாள்.

"வீராயிக்கு அது ரெண்டாவது பிள்ள. மொதப் பிள்ள அதுக்கு முந்தின வருசம், அதே கொகையில பொறந்துச்சு. மூச்சு இல்ல. அங்கனயே குழி தோண்டி வச்சு, நாலு கல்லத் தூக்கி மேல வச்சிட்டு எறங்கி வந்துட்டா. வெள்ளம் வந்த அன்னைக்கு ஒதுங்க வேற எடம் இல்லாம இல்ல. பிள்ள இருக்க எடம்னுதான் அங்கன போனா. போனா, அந்தக் கல்லுப் பக்கத்துல கரடி படுத்திருக்கு. கல்லு ஒண்ணுகூட அசையல. ஒரு வருசமா இதுல்லா எம்பிள்ளைக்குத் தொணயா இருந்திருக்குன்னு நெனச்சா. அதான் அவளுக்குப் பயமில்ல. அதான் தாயின்னு கூப்பிட்டா."

மாஜிதா திரும்பி அவளைப் பார்த்தாள். மூன்று நாளில் அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. தங்கபுஷ்பம் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"எம்பிள்ளைய எங்க வச்சாங்கன்னே எனக்குத் தெரியாதுக்கா. ஆம்பளைங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க. யாரும் சொல்லல."

"ஒங்க அண்ணன்கிட்ட கேளு."

யாக்கூப் மருந்துப் பையோடு வந்ததும் மாஜிதா கேட்டாள். வீட்டுக்குப் போகிற வழியில் அவன் மையவாடிச் சுவரோரம் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, கேட்டுக்கு வெளியே நின்றபடி கையை நீட்டிக் காட்டினான்: அடக்கிய மண் மேடுகளுக்கு நடுவே, வேம்புக்குப் பக்கத்தில் சின்னதாக ஒன்று. ஆட்டோவில் உட்கார்ந்தபடியே அவள் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று பிறகு யாக்கூப்தான் தங்கபுஷ்பத்திடம் வந்து சொன்னான்.

தங்கபுஷ்பத்துக்கு மனசு ஆறவில்லை. சத்தியத்தை மீறிவிட்டோமே என்று சிவகிரியில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அவ மாசமாவா இருந்தா?" என்று அம்மா கேட்டாள்.

"இல்லம்மா."

"பெறகென்ன. அவளுக்குச் சொல்லத்தான அந்தப் பாதியே இருக்கு."

போன தை மாதம் மாஜிதா மறுபடியும் வந்து சேர்ந்தாள். மன்சூர் லீவு போட்டு வந்திருந்தான். வலி எடுத்ததும் தங்கபுஷ்பத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். கதை வேண்டாம், கூட நின்றால் போதும் என்றாள். காலை பத்தரைக்குப் பெண் குழந்தை பிறந்து, வார்டே திரும்பிப் பார்க்கிறமாதிரி அழுதது.

மத்தியானம் மன்சூர் தயங்கியபடி அருகே வந்தான்.

"அக்கா, மாஜிதா எல்லாம் சொல்லியிருக்கா. அந்தக் கொகைய ஒரு நாள் எங்களுக்குக் காட்டுவீங்களா?"

தங்கபுஷ்பம் சிரித்தாள். "எங்கம்மாவுக்கே அது எங்கன இருக்குன்னு தெரியாது தம்பி. நீங்க ரெண்டு பேரும் மொதல்ல சாப்பிடுங்க."

குழந்தையை வாங்கிக்கொண்டு சன்னல் பக்கம் போய் உட்கார்ந்தாள். அவள் டூட்டி முடிந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.